திறக்காதே என்று எழுதிய பாட்டில்

எங்கள் பழைய கம்பெனியில் என் இடத்துக்கு வந்திருக்கும் இளம் நர்ஸ் போன மாதம் போன் செய்தாள். ஷார்ஜாவில் நான் வேலை பார்த்த மறுசுழற்சி ஆலை இப்போது அடுக்குமாடிக் கட்டடங்களில், காலி பாட்டில் போடும் தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு மஞ்சள் பெட்டி வைக்கிறதாம். வீட்டில் ஊசி போட்டுக்கொள்பவர்கள் பழைய ஊசியை அதில்தான் போட வேண்டுமாம். "இத ஆரம்பிச்சு வச்சது நீங்கதான்னு எல்லாரும் சொல்றாங்க சிஸ்டர். எப்படின்னு எழுதிக் குடுங்களேன், புதுசா வர்றவங்களுக்குச் சொல்லணும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் எங்கே ஆரம்பித்தேன்? நான் மாட்டிக்கொண்டேன். ஆரம்பித்தவன் அங்கே பெல்ட்டில் குப்பை பிரித்த குணராசா என்ற ஒரு தொழிலாளி. அவன் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் என் வண்டவாளமும் கூடவே வரும். வரட்டும். ஓய்வு பெற்றவளை யார் என்ன செய்துவிட முடியும்?

நான் தூத்துக்குடிப் பக்கம் கடலோர ஊர்க்காரி. பெயர் ரெஜினா. நாகர்கோவிலில் நர்சிங் படித்தேன். மதுரையில் இரண்டு வருஷம், ஓமன் நாட்டுச் சலாலாவில் ஆறு வருஷம் பிரசவ வார்டு. பிறகு கல்யாணம், பிள்ளை, ஷார்ஜா. இதையெல்லாம் விரித்துச் சொன்னால் எனக்கே கொட்டாவி வரும். கடைசிப் பதினான்கு வருஷம் அந்த ஆலையின் முதலுதவி அறையில் கழிந்தது. சேர்ந்த புதிதில் ஊரிலிருந்து என் அக்கா, "ஏளா, குப்பைக் கம்பெனியிலயா வேலை?" என்று போனில் கேட்டாள். "குப்பை கம்பெனிக்கு, சம்பளம் எனக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆலை என்றால் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். ஒரு நீளமான கொட்டகை, அதற்குள் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு ரப்பர் பெல்ட். நகரத்துக் கட்டடங்களிலிருந்து லாரிகள் அள்ளிவந்து கொட்டும் பாட்டில், டின், அட்டை எல்லாம் அதன்மேல் வரும். இரு பக்கமும் ஆட்கள் நின்று பொறுக்கிப் பிரிப்பார்கள். நேபாளி, வங்காளி, பாகிஸ்தானி, பீகாரி என்று எல்லா நாட்டு ஆட்களும் உண்டு. தமிழ் பேசுபவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். காலையில் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார்கள், சாயங்காலம் அதே பஸ்ஸில் போவார்கள்.

என் அறைக்கு வரும் காயங்களில் நான் பயந்தது ஊசிக்குத்துக்குத்தான். தகரம் கிழித்தால் தைத்துவிடலாம். கண்ணாடி வெட்டினால் கட்டிவிடலாம். ஊசி குத்தினால் வெளியே ஒன்றும் தெரியாது, ஒரு சிவப்புப் புள்ளி அவ்வளவுதான். ஆனால் அந்த ஊசி யார் உடம்புக்குள் போய்விட்டு வந்தது என்று யாருக்குத் தெரியும்? குத்திய இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது. வாயில் வைத்து உறிஞ்சவே கூடாது. நம் ஆட்கள் முதலில் செய்வது அதைத்தான். பிறகு பதிவேட்டில் எழுத வேண்டும். எந்த இடம், எந்த விரல், எத்தனை மணி. கடைசிக் கட்டத்தில் 'ஊசி யாருடையது' என்று ஒரு கேள்வி இருக்கும். அதற்கு எப்போதும் 'தெரியாது' என்றுதான் எழுதுவோம். குப்பையில் வந்த ஊசிக்கு ஏது சொந்தக்காரர்? ஊசியின் ஆள் தெரிந்து, அவர் ரத்தத்தில் ஒன்றுமில்லை என்றால், குத்துப்பட்டவன் அன்றைக்கே நிம்மதியாகத் தூங்கலாம். ஆள் தெரியாவிட்டால் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்க வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், ஆறு மாதம் திரும்பத் திரும்ப ரத்தம் கொடுத்துவிட்டுப் பதைபதைத்துக் காத்திருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இங்கே விசா புதுப்பிக்க மெடிக்கல் உண்டு. ரத்தத்தில் ஏதாவது வந்துவிட்டால் கலாஸ், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று கேம்ப்பில் எல்லோருக்கும் ஒரு கிலி. அதனால் ஊசி குத்தினால் சொல்லவே மாட்டார்கள். கையை உதறிவிட்டு அடுத்த பாட்டிலை எடுப்பார்கள்.

சொல்லாமல் இருக்க இன்னொரு காரணத்தைக் கம்பெனியே செய்து வைத்திருந்தது. கொட்டகை வாசலில் ஒரு பெரிய பலகை. 'விபத்தில்லாத நாட்கள்' என்று நான்கு மொழியில் எழுதி, கீழே எண்ணை மாற்றிப் போட ஆணி அடித்திருக்கும். அது இருநூறைத் தொட்டால் எல்லோருக்கும் ஆட்டு பிரியாணி, அஜ்மான் கடற்கரைக்கு பஸ். யாராவது ஒருவன் காயத்தைச் சொல்லிவிட்டால் எண் பூஜ்யத்துக்கு வந்துவிடும். நூற்றைம்பது பேர் வாயில் விழுகிற பிரியாணியை யார் தட்டிவிடுவான்?

அந்தப் பலகையின் காவல்காரர் எங்கள் மேனேஜர் சுந்தரேசன். கோயம்புத்தூர்க்காரர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. திட்டுவதாக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். என் அறைக்கு வந்தால் உட்கார மாட்டார்; கதவு நிலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் சட்டைப்பையிலிருக்கும் பேனாவைத் தட்டிக்கொண்டே பேசுவார். எதையும் செய் என்று சொல்ல மாட்டார், கேள்வியாகக் கேட்பார். "சிஸ்டருங், அது தகரம் கிழிச்சதுதானுங்களே? சின்னதுதானுங்களே?" என்பார். நாம் ஆமாம் சொன்னால் அது நாம் சொன்னதாகிவிடும். பொல்லாத மனிதர் என்று சொல்ல முடியாது. பெல்ட்டில் ஒருவனுக்கு அப்பா இறந்தபோது அன்று மாலையே டிக்கெட் எடுத்து அனுப்பியவர் அவர்தான். ஆனால் பலகை என்று வந்துவிட்டால் அவருக்கு வேறு எதுவும் கண்ணில் படாது.

வாரத்தில் இரண்டு நாள் டாக்டர் இத்ரிஸ் வருவார். சூடான்காரர், ஆறடிக்கு மேல் உயரம், நடையில் ஒரு நிதானம். நோயாளியை எண்ணைச் சொல்லிக் கூப்பிட மாட்டார். முழுப் பெயரையும் கேட்டு, தப்பில்லாமல் சொல்ல வருகிறவரை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்து, பிறகுதான் ஸ்டெதாஸ்கோப்பைத் தொடுவார். 'குணராசா' என்ற பெயருக்கு மட்டும் ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் என் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சர்க்கரை. நான்கு வருஷமாக இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தேன். கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது. ஐம்பத்தைந்து தாண்டியவளுக்கு வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். நர்ஸுக்கே நோய் என்றால் யார் வைத்துக்கொள்வார்கள்? மகள் படிப்பு முடிகிறவரை இந்த வேலை வேண்டும். இன்சுலின் பேனாவில் பூட்டுகிற குட்டி ஊசி எங்கள் கிளினிக்கில் கிடையாது. அங்கே இருக்கும் ஊசிப் பெட்டியில் போட்டால் டாக்டர் கண்டுபிடித்துவிடுவார். அதனால் வீட்டிலேயே ஒரு காலித் தண்ணீர் பாட்டிலில் போட்டு, நிறைந்ததும் மூடியை இறுக்கி, வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி, 'ஊசி. திறக்காதே' என்று எழுதி மூலையில் தனியாக வைப்பேன். என் கணவருக்காக எழுதியது அது. எவ்வளவு கவனமான நர்ஸ் நான் என்று எனக்கே என்மேல் ஒரு மெச்சுதல் உண்டு.

குணராசாவுக்கு நாற்பது வயதிருக்கும். ஒல்லி, அமைதி. ஒன்பது வயதில் இலங்கையின் வன்னியிலிருந்து படகில் ராமேஸ்வரம் வந்து இறங்கியவன். இருபது வருஷம் தமிழ்நாட்டில் அகதி முகாமில் இருந்தான். முகாம் பையன்கள் எல்லோரையும் போல அவனும் பெயின்ட் அடிக்கப் போனான். சுவருக்கு அடித்த கை மிச்ச நேரத்தில் படம் போட்டது. பெயின்ட் வாங்கக் காசில்லாத நாளில் பேஸ்ட் டியூப், செருப்பு, சோடா மூடி என்று கிடைத்ததை வைத்து உருவம் செய்தானாம். பிறகு வவுனியாவுக்குத் திரும்பி, பாஸ்போர்ட் எடுத்து, மனைவியையும் மகளையும் அங்கே விட்டுவிட்டு இங்கே வந்தான். "இப்ப நான் அகதி இல்லையெண்டு கடுதாசி சொல்லுது அக்கா. எனக்குத்தான் இன்னும் நம்பிக்கை வரேல்லை" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னான்.

கேம்ப்பில் அவன் செய்த முதல் காரியம் குப்பைத் தொட்டி. வராந்தா முழுக்க எச்சில் துப்பி, பான் பாக்கெட் எறிந்து நாறடிப்பார்கள். இவன் அட்டைப் பெட்டியையும் டின்னையும் வைத்து ஆள் உயரத்துக்கு வாய் பிளந்த மனிதர்களைச் செய்து மாடிக்கு ஒன்றாக நிறுத்தினான். ஒன்று அச்சு அசல் மெஸ் சமையல்காரர் மாதிரி. எல்லோரும் அந்த வாயில்தான் குப்பையைப் போட்டார்கள், போடும்போது ஒரு வசவும் சேர்த்து. சமையல்காரர் என்னிடம் வந்து புகார் சொன்னார். அவருக்கு நான் பிரஷர் பார்த்து அனுப்பினேன்; கூடித்தான் இருந்தது.

பிறகு கையுறை கேட்டான். பெல்ட் ஆட்களின் கையுறை வாராவாரம் மாற்றப்படும். பழையதை எறிவதற்கு முன் தனக்குத் தரச் சொன்னான். "எதுக்குய்யா?" என்றேன். "ஒரு கை செய்யிறன் அக்கா" என்றான். துவைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லி அனுமதித்தேன். அதற்குமேல் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பலகையில் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்று இருந்த ஒரு திங்கட்கிழமை. மத்தியானம் குணராசா வந்து பிளாஸ்டர் கேட்டான், கூட வேலை செய்பவனுக்காம். கேட்கும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தான்.

"கைய காட்டுய்யா."

"ஒண்டுமில்லை அக்கா. கம்பி குத்தினது."

ஆள்காட்டி விரலில் ஒரு புள்ளி. முப்பது வருஷத்துக்கு மேல் ஊசி போட்டவளுக்குக் கம்பி எது, ஊசி எது என்று தெரியாதா? கழுவினேன். அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உண்மையச் சொல்லு. ஊசிதான?"

"எழுதாதேங்கோ அக்கா" என்றான். "ரெண்டு மாசத்திலை எனக்கு விசா மெடிக்கல்."

அதற்குள் கதவு நிலையில் மேனேஜர் கை. பேனாவைத் தட்டிக்கொண்டே, "கம்பிதானுங்களே சிஸ்டர்? பசங்க இன்னும் எட்டே நாள்ல பிரியாணி திங்கப் போறானுங்க" என்றார். குணராசா என்னைக் கும்பிடாத குறையாகப் பார்த்தான். நான் பேனாவை எடுத்து 'கம்பி, லேசான கீறல்' என்று எழுதினேன். லேசான கீறல் பலகையைத் தொடாது. அன்றைக்கு மட்டுமல்ல, அதற்கு முன்பும் சில தடவை அப்படி எழுதியிருக்கிறேன். இதை எழுதும்போது எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இரவெல்லாம் புரண்டேன். மறுநாள் ஷிப்ட் முடிகிற நேரத்தில், பஸ் வருவதற்குள் அவனிடம் எப்படியாவது பேசி, அடுத்த நாள் வரும் டாக்டரிடம் காட்டச் சம்மதிக்க வைக்க வேண்டும் என்று கொட்டகைக்குப் பின்னால் போனேன். அங்கே ஒரு தகர ஷெட்டில் அவன் தன் சாமானை வைத்திருந்தான். உள்ளே போய் நின்றவள் அப்படியே நின்றுவிட்டேன்.

கையுறைகளைச் சேர்த்துத் தைத்து, என்னைவிட உயரமான ஒரு கை. விரித்த உள்ளங்கை. தூரத்திலிருந்து பார்த்தால் பழைய சாம்பல் நிறம். கிட்டத்தில் போனால் எங்கும் சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொரு கையுறையிலும் ஊசி குத்திய ஓட்டையைச் சிவப்பு நூலால் சுற்றித் தைத்திருந்தான். எண்ணத் தொடங்கினேன். நாற்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். என் பதிவேட்டில் அந்த வருஷம் ஊசிக்குத்து என்று ஒன்றுகூட இல்லை. என்னிடம் மறைத்ததையெல்லாம் அவனிடம் கொடுத்திருக்கிறார்கள்.

"ஏலேய், இத்தனையா?" என்றேன்.

"சொன்ன ஆக்களின்ரை மட்டும்தான் அக்கா."

கைக்குக் கீழே ஒரு பலகையில் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. பெல்ட்டில் வந்த ஊசிகளைப் பொறுக்கி, ஒவ்வொரு பாட்டிலாக மூடி வைத்திருந்தான். கிறுக்குப் பயலே, இதைக் கிட்ட வைத்துக்கொண்டு திரிகிறாயே என்று திட்டிக்கொண்டே குனிந்தேன். எல்லாவற்றுக்கும் பின்னால், சாக்குக்குள் பாதி மறைந்து ஒரு பாட்டில் தனியாக இருந்தது. லாரியில் நசுங்கி விலா வெடித்திருந்தது. அதன்மேல் வெள்ளை பிளாஸ்டர். 'ஊசி. திறக்காதே.' என் கையெழுத்து.

அங்கே கிடந்த ஒரு டப்பாவின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"இதுதானா குத்துச்சு?"

அவன் தலையை ஆட்டினான். மெதுவாக அவனைக் கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினேன். பெல்ட்டில் ஆயிரம் பாட்டில் வரும், போகும். அன்றைக்கு ஒன்றில் தமிழ் எழுத்து தெரிந்திருக்கிறது. "தமிழிலை எழுதிக்கிடந்தது அக்கா. மற்றாக்களுக்கு வாசிக்கத் தெரியாது தானே. நேபாளிப் பொடியன் கை வைக்க முந்தி நான் எடுத்தனான். வெடிச்சிருந்ததைக் காணேல்லை" என்றான். மருந்துக் கவர்மேல் 'காலை ஒன்று, இரவு ஒன்று' என்று அதே பிளாஸ்டரில், அதே எழுத்தில் எத்தனையோ தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பார்த்த உடனே ஆள் யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"அப்ப ஏன்யா சொல்லல? ஊசி யாருதுன்னு தெரிஞ்சா பயமே இல்லையே! எனக்கு ரத்தம் பாத்தா முடிஞ்சு போச்சே!"

"சொன்னா உங்களை அனுப்பிப்போடுவாங்கள். நீங்கள் போனா அந்த அறையிலை வேறை ஆர் இருப்பினம்?" என்றான். சாக்கை இழுத்துப் பாட்டிலை மூடிக்கொண்டே, "முகாமிலை மாசாமாசம் செக்கிங் அக்கா. பேர் கூப்பிடேக்கை ஆள் நிக்காட்டிப் பதிவிலை இருந்து பேரை வெட்டிப்போடுவாங்கள். எனக்குப் பதிவுப் புத்தகத்தைக் கண்டாலே நெஞ்சு இடிக்கும். உங்கடை பேரும் அதுக்குள்ளை போகவேண்டாம் எண்டு நினைச்சன்" என்றான்.

பஸ் ஹாரன் அடித்தது. அவன் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து முதலில் என் கணவர் மிக்கேலைத்தான் பிடித்தேன். ஏசி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். காலி பாட்டிலைச் சேர்த்துக் கீழே நீல தொட்டியில் போடுவது அவருக்கு ஒரு தர்ம காரியம். "நான் மூலையில தனியா வச்ச பாட்டில எதுக்கு நீல தொட்டியில போட்டிய?" என்று கத்தினேன்.

"ஏளா, பாட்டில பாட்டில் தொட்டியிலதான போடணும்? நீதான குப்பைக் கம்பெனியில இருக்க. நீ சொல்லவே இல்லையே" என்றார்.

அவர் சொன்னது சரி. நான் யாரிடமும் எதையும் சொல்லவே இல்லை. சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்தேன். என் ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று எனக்கு ஏறக்குறையத் தெரியும். ஆனால் ஏறக்குறைய என்பது அவனுக்குப் போதாது. நான் வாயைத் திறந்தால் வேலை போகலாம். மகளுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி. திறக்காவிட்டால் அவன் மருந்தும் எடுக்காமல், ஊசி யாருடையது என்றும் சொல்லாமல், விசா மெடிக்கல் வரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெல்ட்டில் நிற்பான். எழுபத்திரண்டு மணியில் ஏற்கெனவே முப்பது போய்விட்டது. நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு மிக்கேல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "போய்ச் சொல்லிரு" என்றார்.

புதன்கிழமை டாக்டர் வருகிற நாள். எட்டு மணிக்கே அவர் மேஜைமேல் பதிவேட்டை விரித்து வைத்தேன். திங்கட்கிழமை எழுதிய வரியைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். புது வரியில் 'ஊசிக்குத்து' என்று எழுதினேன். கடைசிக் கட்டத்தில், அந்தப் பதிவேட்டில் முதல் தடவையாக, ஒரு பெயர் எழுதினேன். என் பெயர்.

டாக்டர் இத்ரிஸ் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். திரும்பவும் வாசித்தார். எழுந்து போய்க் கையைக் கழுவினார், எப்போதும்போல விரல் விரலாக. வந்து உட்கார்ந்து, என் முழுப் பெயரையும் சொன்னார். பத்து வருஷம் 'சிஸ்டர்' என்று கூப்பிட்டவர். "உட்காருங்கள். சட்டைக் கையை மடியுங்கள்" என்றார். எத்தனை வருஷமாகச் சர்க்கரை, எவ்வளவு யூனிட், காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஏன் மறைத்தீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. எத்தனையோ பேருக்கு நான் கட்டிய ரப்பர் பட்டையை அவர் என் கையில் கட்டியபோது பொலபொலவென்று அழுதுவிட்டேன். அவர் அவசரப்படவில்லை, நான் மூக்கைத் துடைத்த பிறகுதான் குத்தினார். பிறகு குணராசாவைக் கூப்பிட்டு அவனுக்கும் எடுத்தார். என் ரத்தத்தின் முடிவு வரும்வரை ஒரு கவனத்துக்கு என்று அவனுக்கு மாத்திரையும் தொடங்கிவிட்டார்.

மேனேஜர் வந்தார். கதவு நிலையில் கை. பதிவேட்டைக் காட்டினேன். முதல் தடவையாக அவர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏனுங் சிஸ்டர், நாலு வருசமா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே?"

"சொல்லியிருந்தா வச்சிருப்பீங்களா சார்?"

பேனாவைத் தட்டப் போன கை பாதியில் நின்றது. "தெரியலீங்க" என்றார். அந்தப் பதிலுக்காக அவர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. அவரை ஷெட்டுக்குக் கூட்டிப்போய் அந்தக் கையைக் காட்டினேன். ஒவ்வொரு சிவப்புப் புள்ளியாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். வெளியே போய், யாரையும் கூப்பிடாமல், தானே ஸ்டூல் போட்டு ஏறிப் பலகையிலிருந்து எண்ணைக் கழற்றினார்.

பெல்ட் நின்றது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சிஸ்டர், பிரியாணி கயா" என்று ஒரு வங்காளிப் பையன் சோகமாகச் சொன்னான். "மாஃபி பிரியாணி பாய், யல்லா, காம் கரோ" என்று இன்னொருவன் அவன் முதுகில் தட்டினான். பிரியாணி இல்லை, வேலையைப் பார். அவ்வளவுதான். மறுநாள் காலை என் அறை வாசலில் பதினொரு பேர் நின்றார்கள். ஒவ்வொருவனும் கையை நீட்டி, எப்போது, எங்கே குத்தியது என்று சொன்னான். எல்லாவற்றையும் எழுதினேன். அன்று என் கை வலித்தது.

மூன்றாம் நாள் என் முடிவு வந்தது. சர்க்கரையைத் தவிர வேறு எந்தக் குறையும் இல்லை. டாக்டர் காகிதத்தை என்னிடம் தராமல் குணராசாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். மாத்திரையை நிறுத்திவிட்டார். அவன் வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "இதை நான் வச்சிருக்கட்டா அக்கா?" என்றான். வைத்துக்கொள் என்றேன். இரண்டு மாதம் கழித்து விசா மெடிக்கலிலும் தேறிவிட்டான். என் ஒப்பந்தத்தை வருஷக் கடைசியில் புதுப்பிக்கவில்லை. காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மகள் படிப்பின் கடைசி வருஷத்தை மிக்கேல் திரும்பவும் வேலைக்குப் போய் ஒப்பேற்றினார்.

ஆனால் வேலையிலிருந்து நிற்பதற்கு முன் ஒன்று நடந்தது. கட்டடங்களில் ஊசியைத் தனியாக வாங்க வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டு அனுமதி வாங்கியவர் மேனேஜர்தான். குடியிருப்பவர்களுக்கு அதைச் சொல்லும் முதல் கூட்டத்தை எங்கே வைப்பது என்று வந்தபோது, ஷார்ஜா முவைலாவில், தமிழ்க் குடும்பங்கள் அதிகமுள்ள எங்கள் கட்டடத்திலேயே வையுங்கள் என்றேன். கீழ்த்தளத்து ஹாலில் ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பெரிய கையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பிள்ளைகள் அதோடு படம் எடுத்துக்கொண்டு இங்கிலீஷில் கத்தினார்கள். பெரியவர்கள் சமோசாவும் டீயுமாக நின்றார்கள். மேஜைமேல் என் பாட்டில் இருந்தது. அதை வைக்கவே மாட்டேன் என்று குணராசா அடம் பிடித்தான். நான்தான் பிடுங்கி வைத்தேன்.

அவனுக்குக் கூட்டத்தில் பேசி வழக்கமில்லை. இது எங்கடை ஆக்களின்ரை கை, இந்தச் சிவப்பெல்லாம் ஊசி குத்தின இடம் என்றான். நான்கே வரி. பிறகு நிறுத்திவிட்டான்.

ஐந்தாம் மாடியில் இருக்கும் எஞ்சினியர், மதுரைக்காரர், எப்போதும் மடிப்புக் கலையாத சட்டை, படியேறித்தான் போவார், ஸ்வீட் கொடுத்தால் டயட் என்பார். அவர் பாட்டிலைக் குனிந்து பார்த்துவிட்டு, "தமிழ்ல எழுதியிருக்கே. யாருடையது இது?" என்று கேட்டார்.

குணராசா தரையைப் பார்த்தான். நான் எழுந்து நின்றேன்.

"என்னுது சார். நாலு வருஷமா போட்டுக்கிடுதேன். வேலை போயிரும்னு யாருட்டயும் சொல்லல. அது இந்தப் புள்ள கையில குத்திட்டு."

பக்கத்து வீட்டுக்காரி டீ கப்பை மெதுவாகக் கீழே வைத்தாள். எஞ்சினியர் ஒரு நிமிஷம் என்று சொல்லி வெளியே போனார். கோபமாகப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் லிப்டில் இறங்கி வந்தார். அவர் லிப்டில் வந்து நான் பார்த்தது அன்றுதான். கையில் ஒரு தண்ணீர் பாட்டில், முக்கால்வாசி ஊசி. அவர் மனைவிக்கே அது தெரியாது என்பது அந்த அம்மாள் முகத்தில் தெரிந்தது.

அவர் என்னிடம் வரவில்லை. நேரே குணராசாவிடம் போய் நீட்டினார். "ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. ஆறு வருஷம்" என்றார்.

குணராசா அதை இரண்டு கையாலும் வாங்கி, என் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தான். பிறகு அவரைப் பார்த்து, "இப்ப உங்களுக்கு எப்பிடி இருக்கு ஐயா?" என்று கேட்டான்.

குணராசா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான், அவர் உட்கார்ந்தார். அவர் பேசி முடிக்கும்வரை அவன் கேட்டுக்கொண்டே நின்றான். அதற்குள் இரண்டு பெண்கள், "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே எழுந்து லிப்ட் பக்கம் போய்விட்டிருந்தார்கள்.